மலை ஏறும் பழைய காரும் அதன் சிவப்பு எண்ணெயும்

தாப்பாவிலிருந்து ரிங்லெட்டுக்கு ஏறும் சாலையில், உர மூட்டை ஏற்றிய லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ஊர்ந்து போய், வளைவில் நின்று, மறுபடி கிளம்ப வேண்டும். அப்போது நம் கண் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்மேல்தான் இருக்கும். தானியங்கிக் கியர்பெட்டிக்குள் இருக்கும் எண்ணெய் படும் பாட்டை யாரும் நினைப்பதில்லை. பழைய கார்களில் அதன் சூட்டைக் காட்ட முள்ளும் கிடையாது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார், 1,000 மீட்டர் உயரம் ஏறுகிறது. அதற்கு மட்டும் ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். 35 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். இந்த ஆற்றல் முழுவதும் கியர்பெட்டி வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. வழியில் ஒரு பங்கு எண்ணெயிலேயே வெப்பமாகத் தங்கிவிடுகிறது.

எப்படி என்கிறீர்களா? இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் போடுங்கள். அதன் காற்றில் மற்றதும் மெல்லச் சுழலும். எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே உள்ள ‘டார்க் கன்வெர்ட்டர்’ இதே வேலையைச் செய்கிறது, காற்றுக்குப் பதில் எண்ணெயோடு. இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சுழலாதபோது எண்ணெய் கலக்கப்பட்டுச் சூடாகும். மெதுவாக, பாரத்தோடு ஏறும்போதுதான் இந்த வேக வித்தியாசம் அதிகம். வெளியே கேமரன் குளிர் இருந்தாலும் உள்ளே நிலைமை வேறு. வெப்பநிலை 10 பாகை கூடினால் எண்ணெய் கெட்டுப்போகும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் ஒரு தோராய விதி. மலைப்பாதை ஓட்டத்தைப் பல கையேடுகள் ‘கடும் பயன்பாடு’ என்று பிரித்து, எண்ணெய் மாற்றும் இடைவெளியைக் குறைத்துச் சொல்வது இதனால்தான்.

இந்த எண்ணெய்க்கு இன்னொரு விசித்திரமான வேலையும் உண்டு. பற்சக்கரங்கள் தேயாமல் வழுக்க வேண்டும். அதே எண்ணெயில் நனைந்திருக்கும் கிளட்ச் தகடுகளோ ஒன்றையொன்று பிடிக்க வேண்டும். வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும்! எவ்வளவு சீக்கிரம் பிடிப்பது என்பதில் தயாரிப்பாளர்களுக்குள் ஒற்றுமை இருந்ததில்லை. ஃபோர்டின் பழைய ‘டைப் எஃப்’ எண்ணெய் தகடுகளைச் சட்டென்று பிடிக்கவிடும். ஜெனரல் மோட்டார்ஸின் ‘டெக்ஸ்ரான்’ பதமாகப் பிடிக்கவைக்கும். அந்தப் பதத்துக்காக ஒரு காலத்தில் திமிங்கில எண்ணெய்கூடச் சேர்த்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அதற்குத் தடை வந்தபின் வேறு வேதிப்பொருள்களைத் தேட வேண்டியதாயிற்று.

ஆகவே, போத்தலில் சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. அந்த நிறம் வெறும் சாயம். இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றேன். எங்கள் வீட்டில் 20 வயதைத் தாண்டிய புரோட்டோன் வீரா ஓடுகிறது. “எல்லாக் காருக்கும் ஒரே எண்ணெய்தான் சார்” என்று ஒரு பட்டறையில் ஊற்றிக் கொடுத்தார்கள். அறிவியல் ஆசிரியர் நானும் தலையாட்டினேன். அடுத்த வாரமே கியர் மாறும்போதெல்லாம் கார் உதறியது. தகடு எப்படிப் பிடிக்கும் என்பதை எதிர்பார்த்தே அந்தக் கியர்பெட்டியின் மின்னணுப் பகுதி நேரம் குறித்திருக்கிறது. எண்ணெய் மாறினால் அந்தக் கணக்கு தப்பும். மிட்சுபிஷி வகைக் கியர்பெட்டிகளுக்கு எஸ்பி-2, எஸ்பி-3 என்று தனி ரகங்கள் உண்டு. உங்கள் காருக்கு எது என்பதைக் கையேட்டிலோ அளவுக்கோலிலோ பாருங்கள். 2011இல் வந்த சாகா எஃப்எல்எக்ஸ் போன்ற சிவிடி வகைக் கார்களில் பற்சக்கரத்துக்குப் பதில் எஃகுப் பட்டை ஓடுகிறது. அதற்குரிய எண்ணெயே வேறு. சாதாரணத் தானியங்கி எண்ணெயை அதில் ஊற்றவே கூடாது.

மாற்றும்போது ஒரு சங்கதி. 6 லிட்டர் கொள்ளும் பெட்டி என்று வைத்துக்கொள்வோம். வடிகால் திருகைக் கழற்றினால் 3 லிட்டர்தான் வரும். மீதி கன்வெர்ட்டருக்குள் நின்றுவிடும். 3 லிட்டர் புதிது ஊற்றினால் பாதி புதிது. சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி செய்தால் முக்கால் பங்கு. மூன்றாம் முறை 87.5 விழுக்காடு. வீராவுக்கு இப்படித்தான் மூன்று முறை செய்தேன், உதறல் அடங்கியது. வடிக்கும்போது தட்டில் உள்ள காந்தத்தையும் பாருங்கள். சாம்பல் நிற மசகு இருந்தால் அது வழக்கமான தேய்மானம். உலோகச் சில்லுகள் இருந்தால் விஷயம் எண்ணெயைத் தாண்டிவிட்டது.

“பழைய காருக்கு எண்ணெய் மாற்றினால் கியர் செத்துவிடும்” என்று தோட்டத்தில் பலர் சொல்வார்கள். அதில் பாதி உண்மை உண்டு. தகடு ஏற்கெனவே தேய்ந்து வழுக்கிக்கொண்டிருந்தால், புது எண்ணெய் அதைக் காப்பாற்றாது. கெட்டுப்போகிற நேரத்தில் மாற்றுகிறோம், பழி எண்ணெய்மேல் விழுகிறது. கியர் ஒழுங்காக மாறுகிறது, எண்ணெய் பழுப்பாக மட்டும் இருக்கிறது என்றால் தயங்க வேண்டாம். இயந்திரத்தால் அழுத்தி அலசாமல், மேலே சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். கருகிய வாசம் வந்தால் முதலில் கியர்பெட்டி தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

அளவு பார்க்கச் சமதளம் வேண்டும். ரிங்லெட்டில் அதைத் தேடுவதே ஒரு வேலை! எண்ணெய் சூடாக இருக்க வேண்டும். வீராவில் எஞ்சின் ஓடும்போதே, எல்லா நிலைகளுக்கும் கியரை ஒருமுறை மாற்றிவிட்டு, ‘என்’ நிலையில் பார்ப்பேன். பல கார்களில் ‘பி’ நிலை. ஹோண்டாவிலோ எஞ்சினை நிறுத்தியபின். கூடுதலாக ஊற்றினாலும் கெடுதல்தான். எண்ணெய் நுரைத்துவிடும், நுரையால் அழுத்தம் தர முடியாது.

அளவுக்கோலில் ஸ்ட்ராபெரிப் பால் போல இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் காரை எடுக்காதீர்கள். பல கார்களில் இந்த எண்ணெய் ரேடியேட்டருக்குள் இருக்கும் குழாயில்தான் குளிர்கிறது. அந்தக் குழாய் அரித்தால் தண்ணீர் எண்ணெயில் கலந்து, தகடுகளின் பிசின் ஊறிப் பெயர்ந்துவிடும். பழைய காரில் எண்ணெயோடு ரேடியேட்டரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வடித்த எண்ணெயை அதே போத்தல்களில் ஊற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள், சேகரிக்க வருபவர்கள் எடுத்துக்கொள்வார்கள். வீட்டு முன்னால் உள்ள கால்வாயில் ஊற்றினால் அது ரிங்லெட் ஆற்றில் இறங்கி, நம் நீர்த்தேக்கத்துக்குத்தான் போகும்.