நீரிறைக்கும் மோட்டாருக்கு ஒரு சிறு காவலாளி

பாகூர் கொம்யூனுக்குப் பங்காரு வாய்க்காலும் பாகூர் ஏரியும், வில்லியனூர் கொம்யூனுக்குச் சங்கராபரணி ஆறும் ஊசுடு ஏரியும் நீர்வளம் தருவன. எனினும் இந்நாளில் ஆழ்குழாய்க் கிணறுகளை நம்பிப் பயிரிடுவோர் பலர். கடலோரத்தை அடுத்த நிலங்களில் வரம்பு கடந்து இறைத்தால் நிலத்தடியில் உவர்நீர் உட்புகும். உவர்ப்பேறிய கிணறு எளிதில் திருந்தாது. ஆகையால் மோட்டார் எப்பொழுது நிற்கவேண்டும் என்பது ஒருவர் வயலை மட்டும் பற்றிய காரியமன்று.

மின்சாரம் வந்தவுடன் தானே மோட்டாரை ஓட்டும் சாதாரணத் தானியங்கி ஸ்டார்ட்டர், வயல் நிரம்பியதை அறியாது. அதை அறியும்படி செய்யக்கூடியது நுண்கட்டுப்படுத்தி. கணக்கிடும் பகுதி, நினைவகம், செய்தி வந்து செல்லும் வாயில்கள் ஆகிய மூன்றும் ஒரே சில்லில் அமைந்த சிறு கணினியே இது. இண்டெல் கம்பெனியார் 1980ஆம் ஆண்டில் வெளியிட்ட 8051 இவ்வகையில் பெயர் பெற்றது. 2005இல் இத்தாலி தேசத்தில் தோன்றிய ஆர்டுயினோ, மாணவரும் எளிதிற் கையாளும்படி இதனை ஆக்கிற்று. ஆர்டுயினோ ஊனோ பலகையில் நிரலுக்கு 32 கிலோபைட்டும், வேலை செய்ய 2 கிலோபைட்டுமே இடமுண்டு. அக்குறுகிய இடத்தில் சிக்கனமாக எழுதிய நிரல், கண்ணெதிரே ஒரு மோட்டாரைச் சுழற்றுவதே நிரல் எழுதும் இளைஞரை இத்துறையில் ஆழ்ந்த பற்றுக் கொள்ளச் செய்கிறது.

வயலில் இதன் வேலை பின்வருமாறு. பிலிப்பைன்ஸ் தேசத்திலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் பரப்பிய காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில், துளையிட்ட குழாயொன்று வயலில் பதிக்கப்படும். குழாயினுள் நீர்மட்டம் தரைக்குக் கீழ் 15 சென்டிமீட்டர் இறங்கியபின் பாய்ச்சி, தரைக்குமேல் 5 சென்டிமீட்டர் நின்றதும் நிறுத்தவேண்டும். பூக்கும் பருவத்தில், ஒரு வாரம் முன்னும் பின்னும், நீர் தேங்கியே நிற்கவேண்டும். குழாயிலுள்ள உணரி மட்டத்தைத் தெரிவிக்க, நுண்கட்டுப்படுத்தி இவ்விதியின்படி மோட்டாரை இயக்கும். கிணற்றில் நீர் வற்றினால் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் குறையும்; மூன்று பேஸ்களில் ஒன்று அற்றாலும் மின்னோட்டம் மாறுபடும். இவ்விரண்டையும் கண்டு மோட்டாரை நிறுத்திச் சுருள் கருகாமற் காப்பதும் அதனால் இயலும்.

ஆனால் நுண்கட்டுப்படுத்தி தானாக ஒன்றும் அறியாது. தனக்கு எழுதப்பட்ட விதியையே அறியும். மணற்பாங்கான நிலத்தில் நீர் விரைந்து வடிவதும், களிநிலத்தில் நெடுநேரம் நிற்பதும், பயிர் பூக்கும் நாளும் குடியானவருக்கே தெரியும். நிரல் எழுதுவோர் இவற்றைக் கேட்டறியாமற் செய்த கருவி, பிழையான விதியையும் தவறாமல் நிறைவேற்றிப் பயிரைக் கெடுக்கும்.

ஆகவே, கருவி வாங்குவோர் முதலில் ஒரே கிணற்றில் ஒரு போகம் சோதித்தல் நலம். கையால் இயக்கும் சுவிட்சை அகற்றலாகாது. ஈரமும் எறும்பும் புகாத பெட்டியும், இடிமின்னற் காப்பும், நல்ல நில இணைப்பும் அவசியம். உணரியில் சேறு படியாதபடி அடிக்கடி கழுவவேண்டும். கிராம அதிகாரிகள், அருகிலுள்ள பொறியியல் மாணவரையும் அனுபவமுள்ள விவசாயிகளையும் ஒரே வரப்பில் கூட்டிப் பேசச் செய்வாராயின், இளைஞரின் ஆர்வம் ஊருக்குப் பயன்படும். நிலத்தடி நீரும் பின்வரும் போகங்களுக்கு எஞ்சும்.