மிகையும் சேர்ப்பும்: எல்லைப்புறத் தமிழிலும் மலையாளத்திலும் ‘கூடு’

ஆங்கிலத்தில் ‘டூ’ என்னும் சொல் வாக்கிய இறுதியில் நின்று சேர்ப்புப் பொருளையும் (‘அவனும் வந்தான்’), பெயரடைக்கு முன் நின்று மிகைப் பொருளையும் (‘அளவுக்கு மீறிப் பெரியது’) உணர்த்தும். ஜெர்மன் மொழியில் இவ்விரு பணிகளும் பிரிந்துள்ளன. மிகைக்கு ‘ட்சூ’, சேர்ப்புக்கு ‘அவுஹ்’. ஆங்கில ‘டூ’வும் ஜெர்மன் ‘ட்சூ’வும் ஒருமூலச் சொற்கள். ‘ஓரிடத்தை நோக்கி’ என்னும் திசைப்பொருளிலிருந்து கிளைத்தவை. இத்தகைய பொருள்விரிவு ஐரோப்பிய மொழிகளுக்கு மட்டும் உரியதன்று. பாலக்காட்டு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்திலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்களிலும் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்குகின்றன. அங்கு ‘கூடு’ என்னும் வினையடி ஏறத்தாழ ஆங்கில ‘டூ’ செய்யும் வேலையைச் செய்கிறது. ஆயினும் இரு மொழிகளிலும் ஒரே வகையில் செய்வதில்லை. மொழிபெயர்ப்பாளரின் இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது.

பின்வரும் மலையாள வாக்கியங்களை நோக்குக:

(1) உப்பும் கூடி இடணம். (உப்பையும் சேர்த்துப் போட வேண்டும்.)
(2) உப்பு கூடி. (உப்பு அதிகமாகிவிட்டது.)
(3) உப்பு கூடிப்போயி. (உப்புக் கரித்துப் போயிற்று.)

(1)இல் ‘கூடி’ இடைச்சொல், (2)இல் முற்றுவினை. வடிவம் ஒன்றாயிருப்பதற்குக் காரணம் இலக்கண வரலாற்றில் உள்ளது. மலையாள வினைமுற்று திணை, பால், எண், இட விகுதிகளை இழந்துவிட்டது. ஆகவே இகர ஈற்று இறந்தகால முற்றும் வினையெச்சமும் ஒரே வடிவாயின. தமிழில் ‘கூடி’ எச்சம், ‘கூடியது’ அல்லது ‘கூடிற்று’ முற்று, இரண்டும் மயங்குவதில்லை. மேலும், மலையாளம் எச்ச வடிவமாகிய ‘கூடி’யை இடைச்சொல்லாக்கியது, தமிழோ செயவென் வாய்பாட்டு வடிவமாகிய ‘கூட’ என்பதை இடைச்சொல்லாக்கியது.

தமிழ்க் ‘கூட’வுக்கு வேறொரு மயக்கம் உண்டு. ‘அவன்கூட வந்தான்’ என்றால் ‘அவனுமே வந்தான்’ என்றும் ‘அவனோடு வந்தான்’ என்றும் பொருள்படும். மலையாளம் ‘அவன்றெ கூடெ’ (அவனோடு), ‘அவனும் கூடி’ (அவனும்) என இவற்றைப் பிரித்துக்கொண்டது. தென்மாவட்டத் தமிழில் ‘பத்து ரூபாய் கூடக் கேட்டான்’ என்னும்போது ‘கூட’ சேர்ப்பைக் கடந்து அளவு மிகுதலைச் சுட்டுகிறது. ‘கூடக்குறைய’ என்னும் இணைச்சொல்லும் அத்தகையதே. ‘உப்புக்கூட இல்லை’ என்பதன் மலையாள வடிவம் ‘உப்பு போலும் இல்ல’ என்பதாகும். தமிழில் ‘போலும்’ ஒப்பில் போலியாய் ஐயத்தைக் குறிப்பது என்பதால், இதுவும் தமிழ் வாசகரை இடறச் செய்யும்.

இனி மிகை. தொல்காப்பியம் உறு, தவ, நனி என்பவற்றை மிகுதிப் பொருளுக்குரிய உரிச்சொற்களாகக் கூறுகிறது. சேர்ப்போ உம்மையின் எட்டுப் பொருள்களுள் எச்சத்தின்பாற் படும். ஆனால் ‘மிகுதி’ வேறு, ‘வேண்டிய அளவைக் கடந்த மிகை’ வேறு. ஜெர்மன் மொழி முன்னதை ‘ஸேர்’ என்றும் பின்னதை ‘ட்சூ’ என்றும் கறாராகப் பிரிக்கிறது. ‘சட்டை ரொம்பப் பெரிசு’ என்னும் பேச்சுத்தமிழ் வாக்கியம் இரண்டையும் தாங்கும். மிகையே கருத்தென்றால் தமிழர் அடைச்சொல்லைத் தேடுவதில்லை. வினையை மாற்றுகின்றனர்: ‘பெரிசாப் போச்சு’. மலையாளத்தின் ‘வலுதாயிப்போயி’ என்பதும் இதுவே. விரும்பாத விளைவைக் காட்டும் ‘போ’ என்னும் துணைவினையே இரு மொழிகளிலும் மிகைக் குறியாகச் செயற்படுகிறது. அகராதியில் ‘ட்சூ’வுக்கு நேர்ச்சொல் தேடுவோர் ‘மிகவும்’ என்பதில் வந்து நிற்பதற்கு, விடை சொல்லில் இல்லாமல் தொடரமைப்பில் இருப்பதே காரணம். ‘தூக்க முடியாத கனம்’ என்பதிலும் அவ்வாறே. ஆங்கிலமும் ஜெர்மனும் இங்கு எதிர்மறையை மிகைச்சொல்லுக்குள் மறைத்து வைக்கின்றன. தமிழ் ‘முடியாத’ என்றும், மலையாளம் ‘பற்றாத்த’ என்றும் வெளிப்படக் கூறுகின்றன.

சேர்ப்பைப் பொறுத்தவரை ஜெர்மன் மொழி தமிழுக்கு நெருங்கி நிற்கும் ஓரிடமும் உண்டு. ‘நொஹ்’ என்னும் சொல் ‘இன்னும் வரவில்லை’, ‘இன்னும் ஒன்று’ ஆகிய இரண்டிலும் உள்ள ‘இன்னும்’ என்பதன் பணியைச் செய்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு வெவ்வேறு சொற்கள் வேண்டும். இப்பகுதியை ஆங்கிலத்தின் வழியாகச் செல்லாமல் நேரே ஜெர்மனிலிருந்து பெயர்ப்பது எளிது.

எல்லைப்புறத்தில் தவறு நேர்வது பெரும்பாலும் அறிமுகமான சொற்களாலேயே. மலையாள ‘ஒன்னுகூடி’ ‘மீண்டும் ஒருமுறை’ அல்லது ‘இன்னுமொன்று’. தமிழ் ‘ஒன்றுகூடி’ ‘திரண்டு’. பலவற்றைக் குறிக்கும் மலையாளக் ‘குறே’ பாலக்காட்டுத் தமிழில் ‘கொறே’ என வழங்குகிறது. புதிதாகக் கேட்கும் தமிழர் அதைக் ‘குறை’ எனக் கொண்டு நேர்மாறாக விளங்கிக்கொள்ள இடமுண்டு. ‘அதிகம்’ என்னும் வடசொல்லும் இரு மொழிகளிலும் சமமாக நிற்கவில்லை. தமிழ்ப் பழமொழி அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று அளவை எடுத்துச் சொல்கிறது. மலையாளப் பழமொழிக்கு ‘அதிகமாயால் அம்ருதும் விஷம்’ என்பதே போதும். அங்கே ‘அதிகம்’ தானே அளவு மீறலை உட்கொண்டுள்ளது.

1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்தவும் அம்மொழியிலேயே விடை பெறவும் வழிசெய்கிறது. எனவே மலையாள அலுவலகச் சொற்களைத் தமிழாக்குவது இப்பகுதியில் ஏட்டளவு ஆராய்ச்சியாக நின்றுவிடுவதில்லை. 1963ஆம் ஆண்டின் கேரள நிலச்சீர்திருத்தச் சட்டப்படி உச்சவரம்புக்கு மேற்பட்டு ஒப்படைக்கப்பட வேண்டிய நிலம் மலையாளத்தில் ‘மிச்சபூமி’. தமிழ்நாட்டு வழக்கில் அது ‘உபரி நிலம்’. எழுத்துப்படி ‘மிச்ச நிலம்’ என்று பெயர்த்தால், ஒப்படைத்தது போக உரிமையாளரிடம் எஞ்சிய நிலம் என்றே தமிழ் வாசகர் கொள்வார்; கொடுக்க வேண்டியது வைத்துக்கொள்ளத்தக்கதாகிவிடும். மிகு என்னும் அடியிலிருந்தே மிகை, மிச்சம், மிஞ்சு ஆகியன வந்தன. ‘மிஞ்சியது’ என்பது தமிழிலேயே ‘கடந்தது’, ‘எஞ்சியது’ என இருபொருள் தரும். மலையாளம் முதற்பொருளை ‘மிச்ச’த்தில் வைத்துக்கொண்டது, தமிழ் இரண்டாவதை வைத்துக்கொண்டது.

நீர் பற்றிய அறிவிப்புகளில் இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. முல்லைப்பெரியாற்று அணையின் மதகுகள் திறக்கப்பட்டால் நீர் வள்ளக்கடவு, வண்டிப்பெரியாறு வழியாக இடுக்கி நீர்த்தேக்கத்துக்குச் செல்லும். வண்டிப்பெரியாற்றுத் தோட்டத் தொழிலாளருள் தமிழர் பலர். 2018 ஆகஸ்டு 9 அன்று இடுக்கித் தேக்கத்தின் செறுதோணி அணை 26 ஆண்டுகளுக்குப்பின் திறக்கப்பட்டதையொட்டி, அணைச் செய்திகளின் சொற்கள் இரு மாநிலங்களிலும் அன்றாட வழக்காயின. மலையாளத்தில் ‘அதிகஜலம்’ என்பது கொள்ளளவுக்கு மேற்பட்ட நீர், தமிழில் ‘உபரிநீர்’. அதனை ‘அதிக நீர் திறக்கப்படும்’ என்று பெயர்த்தால் திறப்பின் அளவு பெரிது என்றாகிறது. ‘கூடுதல் நீர்’ என்றாலோ ஏற்கெனவே ஓடும் நீருடன் மேலும் சேரும் என்று பொருள்படும். இது மலையாளக் ‘கூடுதல் வெள்ளம்’ என்பதற்கே பொருந்தும். உபரிநீர் சிறிதளவே வெளியேறலாம். கூடுதல் நீர் என்றால் ஆற்றின் மட்டம் உயரும். கரையில் இருப்பவர் தம் பொருள்களை எடுத்துக்கொண்டு மேட்டுக்குச் செல்ல வேண்டுமா என்பதை இவ்வேறுபாடே முடிவு செய்கிறது. ஆகவே மலையாள வரைவில் ‘அதிகஜலம்’, ‘கூடுதல் வெள்ளம்’ ஆகிய இரண்டும் வருமிடத்து முன்னதற்கு ‘உபரிநீர்’ என்றும், பின்னதற்குப் பெயரடையை விடுத்து ‘திறக்கப்படும் நீரின் அளவு கூட்டப்படும்’ என வினையாகவும் எழுதுவது தகும்.