நாய்க்கு கூண்டு வாங்கப் போறீங்களா? மதியம் 2 மணிக்கு கடைக்குப் போங்க!

ஆண்டிபட்டி:

குட்டியாக இருக்கும்போது நாய் திண்ணையில் படுத்துக் கிடக்கும். பிள்ளைகள் தூக்கி வைத்து கொஞ்சுவார்கள். ஆறு மாதம் ஆனதும் செருப்பைக் கடிக்கும், போர்வையை கிழிக்கும், பக்கத்து வீட்டு கோழியை துரத்தும். அப்போதுதான் வீட்டில் பேச்சு வரும். "இதுக்கு வெளியில ஒரு கூண்டு போடுங்கப்பா" என்று.

உடனே வெல்டிங் பட்டறைக்கு போய், மேலே தகர ஷீட் அடித்த இரும்புக் கூண்டு ஒன்றை வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து முற்றத்தில் வைத்து விடுகிறோம். பளபளவென்று பெயிண்ட் அடித்து பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஆண்டிபட்டி வெயிலில் அது கூண்டு அல்ல, அடுப்பு.

சந்தேகமாக இருந்தால் ஒன்று செய்யுங்கள். கூண்டு வாங்க காலையில் போகாதீர்கள். மதியம் 2 மணிக்கு போங்கள். வெயிலில் நிற்கும் கூண்டின் கூரை மேல் கையை வையுங்கள். பிறகு கதவு வழியாக உள்ளே கையை விட்டு ஒரு நிமிடம் வைத்திருங்கள். உங்கள் கையே தாங்காத இடத்தில், உடம்பெல்லாம் முடி போர்த்திய ஜீவன் எப்படி ஒரு பகல் முழுக்க கிடக்கும்?

வியர்க்காது

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும், அதனால் சூடு இறங்கும். நாய்க்கு அப்படி இல்லை. நாக்கை தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் அது சூட்டை வெளியேற்ற வேண்டும். சுற்றி இருக்கும் காற்றே சூடாக இருந்தால் எவ்வளவு மூச்சு வாங்கினாலும் பிரயோஜனம் இல்லை.

நாயின் சாதாரண உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி வரை. 104-ஐ தாண்டினால் ஆபத்து. 106-க்கு போனால் உயிருக்கே உலை. கோடையில் நம்ம ஊர் வெயிலே 100 டிகிரியை தாண்டுவது சாதாரணம். தகரக் கூரைக்குள் என்ன ஆகும் என்று கணக்கு போட்டுக் கொள்ளுங்கள்.

நாய் நிற்க முடியாமல் தள்ளாடினாலோ, எச்சில் கட்டியாக வழிந்தாலோ, ஈறு ரத்தச் சிவப்பாக மாறினாலோ உடனே நிழலுக்கு தூக்கி, சாதாரண தண்ணீரை உடம்பில் ஊற்றி விசிறி விட்டுக்கொண்டே கால்நடை ஆஸ்பத்திரிக்கு கொண்டு ஓட வேண்டும். ஈரத்துணியை போர்த்தி மூடி வைக்கக்கூடாது. அது சூட்டை உள்ளேயே அடைத்து விடும்.

வாசல் எந்தப் பக்கம்?

வீடு கட்டும்போது வாஸ்து பார்க்கிறோம். நாய்க்கூண்டுக்கு வாஸ்து வேண்டாம், காத்து பார்த்தால் போதும்.

ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. ஆனி, ஆடி மாதத்தில் மேற்கில் இருந்து அடிக்கும் காற்று மண்ணை வாரி கண்ணில் போடும். மேற்கு பார்த்து வாசல் வைத்தால் அந்த தூசி முழுக்க கூண்டுக்குள்தான். போதாததற்கு சாயங்கால வெயிலும் நேராக உள்ளே அடிக்கும். சரி, வடகிழக்கு பார்த்து வைக்கலாம் என்றால் ஐப்பசி, கார்த்திகை மழைச் சாரல் அந்தப் பக்கம் இருந்துதான் வரும்.

ஆக, தெற்கு அல்லது தென்கிழக்கு பார்த்த வாசல்தான் நம்ம பகுதிக்கு தோது. மேற்குப் பக்கம் வீட்டுச் சுவர் மறைப்பாக இருந்தால் இன்னும் நல்லது. புங்கமரம், வேப்பமரம் நிழல் இருந்தால் விடவே விடாதீர்கள். காலை நிழலை பார்த்து ஏமாற வேண்டாம். மதியம் 12-ல் இருந்து 4 மணி வரை எங்கே நிழல் விழுகிறது என்று ஒருநாள் நின்று பார்த்துவிட்டு இடத்தை முடிவு பண்ணுங்கள்.

தெருவை பார்த்த கேட்டுக்கு பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். போகிற சைக்கிள், வருகிற பள்ளிக்கூட பிள்ளை எல்லாவற்றையும் பார்த்து நாள் முழுக்க குரைத்து நாய்க்கு வெறி ஏறிப்போகும். பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டையும் இலவசம்.

கூரைக்கு என்ன போடுவது?

பழைய வீடு இடிக்கும் இடத்தில் ஓடு கிடைத்தால் வாங்கிப் போடுங்கள். அதைவிட குளிர்ச்சியான கூரை சல்லிசாக கிடைக்காது. தென்னங்கீத்தும் நல்லதுதான். ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பழசானால் எலி, தேள் குடியேறிவிடும். தீபாவளி நேரத்தில் பட்டாசுப் பொறி விழாமலும் பார்க்க வேண்டும்.

ஏற்கனவே தகரக் கூண்டு வாங்கிவிட்டவர்கள் அதை தூக்கி எறிய வேண்டாம். தகரத்துக்கு மேலே நான்கு விரக்கடை இடைவெளி விட்டு கீத்து போடுங்கள். நடுவில் காத்து ஓடினால் சூடு நன்றாகவே குறையும். எதுவும் முடியாவிட்டால் தகரத்தின் மேல் கெட்டியாக வெள்ளை சுண்ணாம்பாவது அடியுங்கள். கிடப்பில் கிடக்கும் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை மட்டும் அறுத்து கூண்டுக்கு போடாதீர்கள். அந்த தூசி மனுஷனுக்கும் நாய்க்கும் நுரையீரலை கெடுக்கும்.

தரைதான் விஷயமே

கடையில் விற்கும் கூண்டுகளில் பலவற்றில் தரையும் கம்பிதான். கழிவு கீழே விழுந்துவிடும், கழுவுவது லேசு என்பார்கள். நாள் முழுக்க கம்பி மேல் நிற்கும் நாய்க்கு பாதம் புண்ணாகிவிடும், விரல் இடுக்கில் காயம் வரும். அப்படிப்பட்ட கூண்டு வாங்கினால் பாதி இடத்துக்காவது பலகை போட்டே ஆக வேண்டும்.

சிமெண்ட் தரை போடுகிறவர்கள் வீட்டுத் தரை மாதிரி வழுவழுவென்று தேய்க்கச் சொல்லாதீர்கள். குட்டி நாய் வழுக்கி வழுக்கி கால் மூட்டு கெட்டுப்போகும். சொரசொரப்பாக விட்டு, 4 அடிக்கு ஒரு அங்குலம் சரிவு கொடுத்தால் தண்ணீர் தானாக ஓடிவிடும். அந்த தண்ணீரை வாழைக்கோ தென்னைக்கோ திருப்பிவிடலாம்.

படுக்க, தரையில் இருந்து அரை அடி உயரத்தில் பலகை போதும். பழைய கயித்துக் கட்டிலின் காலை அறுத்து போடுபவர்களும் உண்டு. அது ரொம்பவே நல்ல யோசனை, கீழேயும் காத்து ஓடும். மார்கழி பனிக்கு சணல் சாக்கு விரிக்கலாம். உரச்சாக்கை விரிக்காதீர்கள். ஒட்டியிருக்கும் உரத்தை நாய் நக்கிவிடும்.

கழுவும்போது பினாயிலை அப்படியே ஊற்றிவிட்டு ஈரம் காயும் முன் நாயை விடாதீர்கள். அதையும் நக்கும். நன்றாக தண்ணீர் விட்டு அலசி, வெயிலில் காயவிட்ட பிறகுதான் உள்ளே விடவேண்டும்.

அப்புறம் உண்ணி. நாய் மேல் இருக்கும் உண்ணியை மட்டும் பிடுங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். ஆனால் உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதி இருப்பது நாய் மேல் அல்ல, சுவர் வெடிப்பிலும் பலகை இடுக்கிலும்தான். ஒரே உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை போடும். நாய்க்கு மருந்து அடித்தாலும் கூண்டு வெடிப்பை அடைக்காவிட்டால் அடுத்த மாதம் மறுபடியும் வரும். ரத்தத்தில் கிருமி ஏறி நாய் சோர்ந்து, சாப்பிடாமல் செத்துப்போவதற்கு இந்த உண்ணியும் ஒரு காரணம். அதனால் செங்கல் கூண்டு கட்டினால் உள்பக்கம் பூசி விடுங்கள். வெறும் செங்கலாக விடாதீர்கள்.

சின்ன கூண்டு, பெரிய அடைப்பு

ஆச்சரியமாக இருக்கலாம். படுக்கும் கூண்டு ரொம்ப பெரிதாக இருக்கத் தேவையில்லை. தலை இடிக்காமல் நிற்க வேண்டும், சுற்றித் திரும்ப வேண்டும், காலை நீட்டி படுக்க வேண்டும். கோம்பை நாய் அளவுக்கு 4 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி உயரம் சரியாக இருக்கும். ராஜபாளையம் என்றால் எல்லாவற்றிலும் ஒரு அடி கூட்டுங்கள். குட்டிக்கு அளவெடுக்காதீர்கள், வளர்ந்த நாய்க்கு அளவெடுங்கள்.

பெரிதாக வேண்டியது கூண்டை ஒட்டிய அடைப்புதான். நாய் ஓடித் திரும்ப குறைந்தது 15 அடி நீளம், 6 அடி அகலமாவது வேண்டும். சதுரமாக இருப்பதை விட நீளமாக இருப்பது மேல். 6 அடி உயரத்துக்கு வலை. கோழி வலையை நாய் ஒரே வாரத்தில் பிய்த்துவிடும். கனமான வெல்டு மெஷ் போடுங்கள். வலையை ஒரு அடி மண்ணுக்குள் புதைத்தால்தான் தோண்டி வெளியே வராது. கதவு உள்பக்கமாக திறக்கும்படி இருக்கட்டும். வெளிப்பக்கம் திறந்தால் சோறு வைக்க போகும்போதே நம்மை தள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிடும். இரும்பு வாங்கினால் அடிப்பாகத்தை நன்றாக பாருங்கள். மூத்திரம் பட்டு முதலில் துருப்பிடிப்பது அங்கேதான்.

மீந்த சோற்றை ராத்திரி அடைப்பில் விடக்கூடாது. சோற்றுக்கு எலி வரும், எலிக்கு பாம்பு வரும்.

இடமே இல்லாதவர்கள்

சக்கம்பட்டி, டி.சுப்புலாபுரம் மாதிரி தறி ஓடும் தெருக்களில் வீட்டை ஒட்டி வீடு. 15 அடிக்கு எங்கே போவது? அவர்களுக்கும் வழி இருக்கிறது. இரண்டு கம்பத்துக்கு நடுவே தலைக்கு மேலே உருட்டுக் கம்பி கட்டி, அதில் வளையம் கோர்த்து சங்கிலியை மாட்டினால் நாய் அந்த நீளத்துக்கு ஓடி ஓடி வரும். ஆனால் கம்பியின் ரெண்டு முனையிலும் வளையம் நிற்க தடுப்பு வைக்க வேண்டும். சுவர் பக்கம் எட்டினால் நாய் சுவரைத் தாண்டி குதித்து கழுத்து இறுகி தொங்கிவிடும். ஆள் பார்க்க இருக்கும்போது மட்டும் இப்படி கட்டுங்கள்.

இரண்டடி சங்கிலியில் வருஷக்கணக்கில் கட்டிப்போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். 1960-ம் ஆண்டின் மிருகவதை தடுப்புச் சட்டம் 11-வது பிரிவில், அளவுக்கு மீறி குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பது குற்றம். அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதும் குற்றம். எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயை நடமாட விடாமல் இருப்பது கூட குற்றம்தான். அபராதம் எவ்வளவு தெரியுமா? முதல் தடவை 10 ரூபாயில் இருந்து 50 ரூபாய் வரை. டீ, வடை காசு! அதனால்தானோ என்னவோ யாரும் பயப்படுவதில்லை.

ஆனால் பயப்பட வேண்டியது வேறு. கட்டியே கிடக்கும் நாய்க்கு மூர்க்கம் ஏறும். ஒருநாள் சங்கிலி அறுந்தால் மாட்டுவது பெரும்பாலும் சின்னப்பிள்ளைகள்தான். வளர்ப்பவரின் அஜாக்கிரதையால் நாய் கடித்தால் பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவில் 6 மாதம் வரை சிறை, 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது ரெண்டும் சேர்த்து கிடைக்கலாம். கடிபட்ட இடத்தை சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு போய் ஊசி போட வேண்டும். கடித்த நாயை அடித்துக் கொல்லாமல் 10 நாள் அடைத்து வைத்து கவனிக்கச் சொல்வார்கள். அடைக்க நல்ல கூண்டு இருந்தால்தானே கவனிக்க முடியும்? நாய்க்கு வருஷம் தவறாமல் வெறிநோய் தடுப்பூசி போடுவதை கூண்டுச் செலவோடு சேர்த்தே கணக்கு வையுங்கள்.

மலையடிவாரத்தில் சிறுத்தை

கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு பக்கம் உள்ளவர்களுக்கு தனியாக ஒரு வார்த்தை. மேகமலை காடுகள் 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. காட்டை ஒட்டிய ஊர்களில் சிறுத்தைக்கு நாய் என்றால் பிடித்தமான இரை. தோட்டத்துக்கு காவல் என்று சங்கிலியில் கட்டிப்போட்டால் அது காவல் இல்லை, சிறுத்தைக்கு வைத்த விருந்து. தப்பி ஓடக்கூட அதற்கு வழியில்லை.

இங்கே அடைப்புக்கு மேலேயும் வலை வேண்டும். 6 அடி எல்லாம் சிறுத்தைக்கு ஒரு தாவல். ராத்திரியில் வலைக்குள் விடுவதையும் விட்டுவிட்டு, செங்கல் அறையில் தாழ்ப்பாள் போட்டு அடைப்பதுதான் பாதுகாப்பு.

எந்த நாய்?

கூண்டை விட முக்கியமான கேள்வி இதுதான், ஆனால் எல்லோரும் நாயை வாங்கிய பிறகுதான் யோசிக்கிறார்கள். பனிப்பிரதேச ஹஸ்கியையும், மூக்கு சப்பையான பக்கையும் ஆண்டிபட்டியில் வெளிக்கூண்டில் வைப்பது பாவம். எந்த கூண்டு போட்டாலும் தாங்காது. அதுகளை வீட்டுக்குள் ஃபேன் காத்தில் வைக்க முடிந்தால் வாங்குங்கள்.

நம்ம மாவட்டத்திலேயே உத்தமபாளையம் பக்கம் கோம்பை என்ற ஊரின் பெயரால் ஒரு ஜாதி நாய் இருக்கிறது. செம்பழுப்பு நிறம், கருத்த மூஞ்சி, குட்டை முடி. காட்டுப்பன்றி வேட்டைக்கே போன நாய். 2005-ல் தபால் துறை ராஜபாளையத்துக்கு ஸ்டாம்ப் போட்டது, கோம்பைக்கு போடவில்லை என்பதில் இந்தப் பக்கத்துக்காரன் என்ற முறையில் எனக்கு கொஞ்சம் வருத்தம்தான். 2020 ஆகஸ்டில் பிரதமர் மோடி மனதின் குரல் நிகழ்ச்சியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறையோடு கோம்பை பெயரையும் சொன்னார். இந்த வெயிலுக்கு பழகிய நாய்கள் இவை. குட்டை முடி என்பதால் மார்கழி குளிருக்கு மட்டும் சாக்கு வேண்டும்.

நாய்க்கு சுகமில்லை என்றால் மதுரைக்கு ஓட வேண்டியதும் இல்லை. உள்ளூர் கால்நடை ஆஸ்பத்திரி போக, தேனி மாவட்டத்திலேயே 2020-ல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது.

புதுக் கூண்டு வந்த அன்றைக்கே நாயை உள்ளே தள்ளி கதவை சாத்தாதீர்கள். நான்கைந்து நாள் கதவை திறந்தே வைத்து, சோற்றையும் தண்ணீரையும் உள்ளே வையுங்கள். கனமான மண் சட்டியில் வைத்தால் தட்டி விடாது, தண்ணீரும் சூடாகாது. தானாக உள்ளே போய் படுக்க ஆரம்பித்த பிறகு கதவை கொஞ்ச நேரம் சாத்திப் பழக்கலாம். திட்டி, அடித்து கூண்டுக்குள் அனுப்பினால் அப்புறம் அந்தப் பக்கமே வராது. காலையும் சாயங்காலமும் அரை மணி நேரம் வெளியே கூட்டிப்போய் வருவதை கூண்டு வந்த பிறகும் நிறுத்த வேண்டாம்.