பெற்ற பிள்ளைக்குப் "பிச்சை" என்று பெயர் வைத்தது ஏன்?

மும்பையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகும் தமிழரிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு.

"சர்நேம் என்ன?"

தமிழருக்கு ஏது சர்நேம்? இனிஷியல்தான் உண்டு. எனவே தன் பெயரையோ, தன் தகப்பனார் பெயரையோ சொல்லி, பாரத்தைப் பூர்த்தி செய்துவிட்டு வருகிறார். அந்தப் பெயர் முருகன் என்றோ, சுப்பிரமணியம் என்றோ இருந்தால் தொல்லை இல்லை. "பிச்சை" என்று இருந்தால்?

பையன் வளர்ந்து பெரியவனாகி, "பிச்சை என்றால் என்ன அர்த்தம்?" என்று கூடப் படிப்பவன் கேட்கும்போது பதில் சொல்லத் திணறுகிறான். ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தவரும் அப்படித்தான். கெஜட்டில் விளம்பரம் கொடுத்து, பெயரையே மாற்றிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறார்.

மாற்றிக்கொள்வது அவரவர் விருப்பம். ஆனால் மாற்றுவதற்கு முன்பு, அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது.

மடிப்பிச்சை

அந்தக் காலத்தில் பெற்ற பிள்ளைகள் எல்லாம் பிழைப்பது இல்லை. அம்மை, பேதி, மாந்தம் என்று ஏதாவது ஒன்று கொண்டுபோய்விடும். முதல் பிள்ளை போய், இரண்டாவதும் போய்விட்டால், தாய் மாரியம்மனிடம் நேர்ந்துகொள்வாள். முந்தானையை ஏந்தி, வீடு வீடாகப் போய் அரிசியும் காசும் வாங்குவாள். வசதி உள்ள வீட்டுப் பெண்ணும் இப்படி ஏந்துவது உண்டு. இதற்கு மடிப்பிச்சை என்று பெயர்.

"இந்தப் பிள்ளை நான் பெற்றது அல்ல, நீ போட்ட பிச்சை. நீதான் காப்பாற்ற வேண்டும்" என்பது வேண்டுதல்.

அப்படித் தங்கிய பிள்ளைக்குப் பிச்சை, பிச்சைமுத்து, பிச்சைக்கண்ணு, பிச்சையா என்று பெயர் வைத்தார்கள். பெண் பிள்ளை என்றால் பிச்சையம்மாள்.

"உயிர்ப் பிச்சை கொடு", "தாலிப் பிச்சை கொடு" என்று இன்றும் சொல்கிறோம். அங்கே பிச்சை என்பது சோற்றுக்கு ஏந்துவது அல்ல. காசு கொடுத்து வாங்க முடியாத ஒன்றைக் கேட்டுப் பெறுவது. பெயரில் உள்ள பிச்சையும் அதுதான்.

எமனை ஏமாற்ற

இதே கவலையில் பிறந்த பெயர்கள் இன்னும் உண்டு. குழந்தையைக் குப்பையில் போட்டு எடுத்து, "குப்பன்", "குப்புசாமி" என்று அழைத்தார்கள். குப்பை என்று நினைத்து எமன் விட்டுவிட்டுப் போவான் என்பது நம்பிக்கை. ஆண் பிள்ளைக்கு மூக்குக் குத்தி, "மூக்கன்" என்றார்கள். குழந்தையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து, தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். "தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை" என்ற பேச்சு இதில் இருந்து வந்ததுதான்.

இந்த வழக்கத்துக்கு மதம் குறுக்கே நிற்கவில்லை. கிறிஸ்தவக் குடும்பங்களிலும் பிச்சைமுத்துகள் உண்டு. திருச்சியில் வாழ்ந்த முஸ்லிம் தமிழ்ப் புலவர் ஒருவரின் பெயர் பிச்சை இபுராகீம் புலவர். தஞ்சை, நாகை பக்கத்தில் இந்துக்களும் பக்கிரி, பக்கிரிசாமி என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

சிவனும் ஏந்தினார்

சில குடும்பங்களில் இது சாமி பெயராகவும் வந்தது. பிரம்மாவின் தலையைக் கிள்ளிய சிவபெருமான், கையில் ஒட்டிக்கொண்ட மண்டை ஓட்டோடு பிச்சை எடுத்தார் என்பது புராணம். அந்தக் கோலத்துக்குப் பிட்சாடனர் என்று பெயர். பிச்சாண்டி, பிச்சைமூர்த்தி என்பவை எல்லாம் அவர் பெயர்களே. திருச்சியை அடுத்த உத்தமர்கோவிலுக்குப் பிச்சாண்டார்கோவில் என்ற பெயரும் உண்டு. அங்கே மகாலட்சுமி இட்ட பிச்சையால்தான் அந்த ஓடு நிரம்பியது என்று தல புராணம் கூறுகிறது.

கும்பகோணத்தில் 1900-ம் ஆண்டு பிறந்த எழுத்தாளர் ந.பிச்சமூர்த்தியின் இயற்பெயர் வேங்கட மகாலிங்கம். ஆனால் இலக்கிய உலகில் நிலைத்தது பிச்சமூர்த்தி என்ற பெயர்தான்.

மராட்டியத்திலும் உண்டு

"இது தமிழனுக்கு மட்டும் உள்ள தலையெழுத்து" என்று நினைப்பவர்கள், தாங்கள் வாழும் மராட்டிய மண்ணைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

மராத்தியில் "பீக்" என்றால் பிச்சை. பிகு, பிகாஜி என்ற பெயர்கள் அதில் இருந்து வந்தவை. "தகட்" என்றாலும், "தோண்டா" என்றாலும் கல். தக்டு, தோண்டு என்று பிள்ளைக்குப் பெயர் வைத்தால், கல்லை யார் தூக்கிப்போவார்கள் என்று எண்ணினார்கள்.

புனேயில் புகழ் பெற்ற தக்டுசேட் ஹல்வாய் கணபதியைக் கும்பிடாதவர்கள் குறைவு. அந்தப் பெயரில் உள்ள "தக்டு" இந்தக் கல்தான்! பெண்களுக்காக 1916-ம் ஆண்டிலேயே பல்கலைக்கழகம் தொடங்கிய தோண்டோ கேசவ் கார்வேயின் பெயரிலும் அதே கல் இருக்கிறது. அவருக்கு 1958-ம் ஆண்டு பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. 1962-ம் ஆண்டு காலமானபோது அவருக்கு வயது 104.

கன்னடத்தில் "திப்பே" என்றால் குப்பைமேடு. திப்பேசாமி, திப்பண்ணா என்று அங்கே பெயர்கள். தெலுங்கில் பெண்டய்யாவுக்கும் அதே பொருள். வங்காளத்தில் மூன்று சோழிக்கு வாங்கிய பிள்ளை "தீன்கரி". வேலை தேடி வெளியூர் போனவன் கதையை "பிதேசியா" நாடகமாக்கிப் புகழ் பெற்ற போஜ்புரி கலைஞரின் பெயர் பிகாரி டாக்குர். "பிகாரி" என்றால் பிச்சைக்காரன்.

பாட்டியின் வேண்டுதல்

ஒடிசாவில் பாலசோரில் 1843-ம் ஆண்டு ஒரு குழந்தை பிறந்தது. பெயர் பிரஜமோகன். சின்ன வயதிலேயே தாய், தகப்பனை இழந்த அவனைப் பாட்டி வளர்த்தாள். அவன் ஓயாத நோயாளி. வைத்தியம் பலிக்கவில்லை. "பிள்ளை பிழைத்தால் உங்களுக்கே பக்கிரியாகக் கொடுத்துவிடுகிறேன்" என்று பாட்டி அங்கே உள்ள முஸ்லிம் பீர்களிடம் வேண்டிக்கொண்டாள்.

பிள்ளை பிழைத்தான். ஆனால் கொடுக்கப் பாட்டிக்கு மனம் வருமா? பெயரை மட்டும் பக்கீர் மோகன் என்று மாற்றினாள். ஆண்டுதோறும் மொகரம் நாட்களில் பக்கிரி வேடம் போட்டு, வீடு வீடாகப் பிச்சை எடுக்க அனுப்பினாள். அந்தப் பையன்தான் பிற்காலத்தில் ஒடியா நாவல் உலகின் முன்னோடியான பக்கீர் மோகன் சேனாபதி. 1918-ம் ஆண்டு காலமான அவர், பாட்டி வைத்த பெயரைக் கடைசி வரை மாற்றவில்லை.

மறுபக்கம்

இந்தப் பெயர்கள் எல்லாமே பாசத்தால் வந்தவை என்று சொல்லிவிட முடியாது. சூத்திரனுக்கு இழிவான பெயர்தான் வைக்க வேண்டும் என்று மனு சாஸ்திரம் விதித்தது. நல்ல பெயர் வைத்துக்கொள்ளவே ஏழை சாதிகளுக்கு உரிமை இல்லாத காலம் இருந்தது. "பலுத" என்ற சுயசரிதையை 1978-ம் ஆண்டு வெளியிட்ட மராத்தி எழுத்தாளர் தயா பவாரின் சொந்தப் பெயர் தக்டு மாருதி பவார். அந்தப் பெயர் தந்த வேதனையை அவர் அந்த நூலிலேயே எழுதினார். ஆகவே, பெயரை மாற்றிக்கொள்பவர்களைக் குறை சொல்வதற்கு இல்லை.

ஏன் குறைந்தது?

இன்று பிறக்கும் ஆண் குழந்தைக்குப் பிச்சை என்று பெயர் வைப்பவர்களைக் காண்பது அரிது. முன்பு கிராமத்துக்குச் சிலர் இருந்தார்கள். இப்போது அது தாத்தா பெயராகவும், இனிஷியலாகவும் சுருங்கிவிட்டது.

நாகரிகம் மட்டும் இதற்குக் காரணம் அல்ல. இந்தியாவில் 1971-ம் ஆண்டு, பிறந்த 1,000 குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 2020-ம் ஆண்டு அது 28 ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டில் 13. பெரியம்மை 1975-ம் ஆண்டோடு இந்தியாவில் ஒழிந்தது. தடுப்பூசி வந்தது; ஆஸ்பத்திரிப் பிரசவம் வந்தது. எமனை ஏமாற்ற வேண்டிய அவசியம் தாய்மார்களுக்கு இல்லாமல் போயிற்று.

ஒரு பெயர் வழக்கொழிவது சில சமயம் நல்ல செய்திதான்.

உலகம் அறிந்த பெயர்

வைப்பவர்கள் குறைந்துவிட்ட இந்த நேரத்தில்தான், பெயருக்கு உலகப் புகழ் வந்தது. மதுரையில் 1972-ம் ஆண்டு பிறந்த சுந்தர் பிச்சை, 2015-ம் ஆண்டு கூகுள் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். பிச்சை என்பது அவருடைய தந்தையின் பெயர். அமெரிக்காவில் அதுவே சர்நேம் ஆகிவிட்டது. அதன் பொருளை அங்கே யாரும் கேட்டுச் சிரிக்கவில்லை.

மும்பைப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பையனும் இனித் திணற வேண்டியது இல்லை. பிச்சை என்றால் என்ன என்று மராத்திக்கார நண்பன் கேட்டால், "உங்கள் ஊர் தக்டு, தோண்டு போலத்தான். என் தாத்தாவுக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் அவருடைய தாயார் வைத்த பெயர்" என்று சொன்னால் போதும்.

அந்த நண்பன் வீட்டுக்குப் போய்த் தன் பாட்டியைக் கேட்டால், அவர்கள் குடும்பத்திலும் அப்படி ஒரு தக்டு இருக்கக்கூடும்.