கடையில் எல்லாம் தீர்ந்த பிறகு



பி.பி.சி. 1975 முதல் 1977 வரை ஒளிபரப்பிய 'சர்வைவர்ஸ்' தொடரின் 38 பகுதிகளையும் டி.வி.டி.யில் பார்த்து முடித்தேன். ஒரு தொற்றுநோய் விமானப் பயணிகள் மூலம் பரவி, உலகத்தில் ஏறக்குறைய எல்லோரும் செத்துப் போகிறார்கள். மிஞ்சியவர்களின் பாடுதான் கதை.

ராக்கெட், ராட்சசன் எதுவும் கிடையாது. அதுக்கெல்லாம் பணம் வேணுமே! காலி ரோடு, ஆளில்லாத வீடு, சேறு, அவ்வளவுதான். 2020 ஊரடங்கைப் பார்த்த நமக்கு அந்தக் காலி ரோடே வயிற்றைக் கலக்குது.

கதாநாயகி ஆபி கிராண்ட் வசதியான குடும்பத் தலைவி. புருஷன் செத்துப்போக, ஹாஸ்டலில் படிக்கும் மகனைத் தேடிப் போறாள். பிள்ளை இல்லை, வயசான வாத்தியார் ஒருத்தர்தான் இருக்கார். கடைகளில் மிச்சமிருப்பது கொஞ்ச நாள்தான் வரும், அப்புறம் ஒவ்வொண்ணையும் முதலிலிருந்து நாமே செய்யக் கத்துக்கணும்னு அவர் எடுத்துச் சொல்வார். அவள் வீடு திரும்பி, தலைமுடியை ஒட்ட வெட்டிக்கிட்டு, அந்த வீட்டையே கொளுத்திட்டுக் கிளம்புவாள் பாருங்க! இரண்டாம் பாகத்திலிருந்து ஆபியைக் காணோம். எனக்கு அது பெரிய குறைதான்.

சோப்பு, தீப்பெட்டி, விளக்கெண்ணெய்... எண்ணிப் பார்த்தேன். ஒண்ணுகூட எனக்குச் செய்யத் தெரியாது. என் மாமியாருக்கு 80 வயசு. ஆமணக்கு விதையை வறுத்து, இடிச்சு, தண்ணீரில் கொதிக்கவைத்து எண்ணெய் எடுக்க அவருக்குத் தெரியும். "இதைக் கேக்க டி.வி. பார்க்கணுமா?" என்று சிரிக்கிறார். ஒரு படி விதை வாங்கிவரச் சொல்லியிருக்கேன்.