சீட்டுக்கு மருந்து கொடுப்பவரா, மருந்துக்குப் பொறுப்பேற்பவரா?

மருந்தாளுநரின் வேலை நெடுங்காலம் கைவேலையாகவே இருந்தது. மருத்துவர் எழுதிய சீட்டைப் பார்த்து, பொடியை நிறுத்து, கலவையைக் கலக்கி, களிம்பைக் குழைத்துக் கொடுப்பார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் மருந்துத் தொழிற்சாலைகள் அந்த வேலையை ஏறக்குறைய முழுவதுமாக எடுத்துக்கொண்டன. மாத்திரை தயாராகவே கடைக்கு வந்து இறங்கியது. எண்ணிக் கொடுப்பதும் கணக்கு எழுதுவதுமே மிச்சம். பேசுவதற்கும் தடை இருந்தது. சீட்டில் உள்ள மருந்து என்ன செய்யும், அதில் என்ன இருக்கிறது என்பதை மருந்தாளுநர் நோயாளியிடம் பேசக் கூடாது, கேட்டால் மருத்துவரிடம் அனுப்பிவிட வேண்டும் என்று அமெரிக்க மருந்தாளுநர் சங்கத்தின் 1952ஆம் ஆண்டு நெறிமுறை சொன்னது. மருந்தைப் பற்றியே படித்தவர் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்ற இந்த விசித்திர விதி 1969இல்தான் திருத்தப்பட்டது.

அதற்கு முன்பே சிலர் வேறு வழியில் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். வர்ஜீனியா மாநிலத்தின் பெர்ரிவில் என்ற சிற்றூரில் கடை வைத்திருந்த யூஜின் ஒயிட், 1960இல் சோடா விற்பனை உள்ளிட்ட பிற வியாபாரத்தை எல்லாம் விட்டுவிட்டு, கடையை ஓர் ஆலோசனை அலுவலகம்போல மாற்றினார். வாடிக்கையாளர் என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று அட்டை போட்டுக் குறித்துவைத்தார். இன்று கணினியில் இருக்கும் நோயாளி விவரப் பதிவுகளுக்கு அந்த அட்டைகளே முன்னோடி. 1966இல் சான்பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையின் ஒன்பதாவது மாடியில், அறுவை சிகிச்சை நோயாளிகள் இருந்த வார்டிலேயே ஒரு மருந்தகம் திறக்கப்பட்டது. கீழ்த்தளத்தில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த மருந்தாளுநர் படுக்கையருகே வந்தார். ‘கிளினிக்கல் ஃபார்மஸி’ என்ற துறை அங்கிருந்து வளர்ந்தது.

இந்த மாற்றத்துக்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்தவர்கள் ஹெப்ளர், ஸ்ட்ராண்ட் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள். சரியான மருந்தைச் சரியான ஆளிடம் கொடுத்ததோடு மருந்தாளுநரின் பொறுப்பு தீராது, அந்த மருந்தால் நோயாளிக்கு விளையும் பலனுக்கும் அவர் பொறுப்பேற்க வேண்டும் என்று 1990இல் அவர்கள் எழுதினார்கள். அதே ஆண்டில் நிறைவேறிய ஒரு அமெரிக்கச் சட்டம், அரசு உதவியில் மருந்து பெறும் ஏழை நோயாளிகளுக்கு மருந்தாளுநர் ஆலோசனை தர முன்வர வேண்டும் என்று 1993 முதல் கட்டாயமாக்கியது. ஒரு காலத்தில் விலக்கப்பட்ட பேச்சு இப்போது கடமையானது.

பொறுப்பேற்றால் என்ன கிடைக்கும் என்பதற்கு 1999இல் வெளியான ஓர் ஆய்வு நல்ல சான்று. பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், தீவிர சிகிச்சைப் பிரிவில் காலை ரவுண்ட்ஸ் போகும் மருத்துவர்களோடு மூத்த மருந்தாளுநர் ஒருவரும் சேர்ந்துகொண்டார். மருந்து எழுதும்போது நேரும் பிழைகளால் உண்டாகும், தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள், 1,000 நோயாளி நாட்களுக்கு 10.4 என்பதிலிருந்து 3.5 ஆகக் குறைந்தன. புதிய கருவியோ புதிய மருந்தோ இதற்குத் தேவைப்படவில்லை.

பிடிபடும் பிழைகள் பெரும்பாலும் சாதாரணமானவை. முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு முறை சாப்பிட வேண்டியது. பழக்கதோஷத்தில் அதைத் தினமும் போட்டுக்கொண்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். தைராய்டு மாத்திரையைக் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளோடு சேர்த்து விழுங்கினால் அது சரியாக உடலில் சேராது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் மூட்டு வலிக்காகக் கடையில் ஒரு வலி மாத்திரை வாங்கினால் ரத்தக்கசிவு ஆபத்து. இந்தியாவில் இன்னொன்றும் உண்டு. இரண்டு மருத்துவர்கள் இரண்டு பிராண்டு பெயரில் ஒரே மருந்தை எழுதியிருப்பார்கள். நோயாளிக்கு அவை இரண்டு வேறு மாத்திரைகள். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் நடுவில் இருந்தால்தான் அது வெளிப்படும்.

எழுதிய மருந்து சரியாக இருந்தும் உள்ளே போகாமலிருப்பது இன்னும் பெரிய சிக்கல். நீண்டகால நோய்களுக்கான மருந்தைப் பணக்கார நாடுகளிலேயே சுமார் பாதிப் பேர்தான் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் கணித்தது. ரத்த அழுத்தத்துக்கு வலியில்லை. வலிக்காத நோய்க்காகக் கிளினிக்கில் போய்க் காத்திருக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

லாஸ் ஏஞ்சலஸில் இருதய மருத்துவர் ரொனால்டு விக்டர் இந்தச் சிக்கலை முடிதிருத்தகத்தில் வைத்து எதிர்கொண்டார். கறுப்பின ஆண்களிடம் உயர் ரத்த அழுத்தம் அதிகம், மருத்துவரிடம் போகும் வழக்கமோ குறைவு. ஆனால் முடிதிருத்தகத்துக்குத் தவறாமல் போவார்கள். 52 கடைகளில், ரத்த அழுத்தம் கட்டுப்படாத 319 வாடிக்கையாளர்கள் ஆய்வில் சேர்ந்தார்கள். ஒரு பிரிவில், முடிதிருத்துநர் உணவு முறை பற்றிச் சொல்லி மருத்துவரைப் பார்க்கும்படி அறிவுறுத்தினார். மற்றப் பிரிவில், பயிற்சி பெற்ற மருந்தாளுநரே கடைக்கு வந்தார். அங்கேயே பி.பி. பார்த்து, அந்த நபரின் மருத்துவரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி மருந்தை எழுதி, அளவைக் கூட்டிக் குறைத்து, விவரத்தை மருத்துவருக்கு அனுப்பிவைத்தார். ஆறு மாதத்தில் முதல் பிரிவினரின் மேல் அழுத்தம் சராசரியாக 9.3 புள்ளி இறங்கியது. மருந்தாளுநர் வந்த பிரிவில் இறக்கம் 27 புள்ளி. 130/80க்குக் கீழே வந்தவர்கள் ஒரு பக்கம் 11.7 சதவீதம், மறுபக்கம் 63.6 சதவீதம். 2018இல் இது வெளியானபோது, இரண்டு பிரிவுக்கும் பொதுவாக இருந்த முடிதிருத்துநரின் அக்கறையைத்தான் செய்திகள் அதிகம் கொண்டாடின. இரண்டுக்கும் வேறுபாடாக இருந்தவரோ மருந்தாளுநர்.

உடன்படிக்கை இல்லாமலே மருந்து எழுதும் உரிமையும் சில நாடுகளில் வந்துவிட்டது. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம் 2007இலேயே வழி திறந்தது. அங்கே 56 மருந்துக் கடைகளில் 723 பேரிடம் நடந்த ஆய்வில், மருந்தாளுநர் பொறுப்பில் இருந்தவர்களின் இதய நோய் அபாயம், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட மூன்றே மாதத்தில் 21 சதவீதம் குறைந்தது. பிரிட்டனில் கூடுதல் பயிற்சி முடித்த மருந்தாளுநர் 2006 முதல் சுயமாக மருந்து எழுதலாம். 2026 முதல் புதிதாகத் தகுதி பெறுவோருக்குப் பதிவோடே அந்த உரிமையும் சேர்ந்து வருகிறது. இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 முதல் தொண்டை வலி, சைனஸ் தொல்லை, குழந்தைகளின் காது வலி, அக்கி, சீழ்பிடித்த பூச்சிக்கடி, தொற்றும் தோல் புண், பெண்களின் எளிய சிறுநீர்த் தொற்று ஆகிய ஏழுக்கும் மருத்துவரைப் பார்க்காமல் மருந்துக் கடையிலேயே சிகிச்சை பெறலாம்.

இதற்கு எதிரான வாதம் வலுவானது. மருந்தை விற்பவரே எது வேண்டும் என்று தீர்மானித்தால், தேவையில்லாத ஆன்டிபயாட்டிக்கும் விற்பனையாகும். இங்கிலாந்து அதற்கு வைத்த தடுப்பு எளிமையானது. தகுதியான ஆலோசனை ஒவ்வொன்றுக்கும் அரசு ஒரு தொகை கொடுக்கிறது. தொடக்கத்தில் அது 15 பவுண்டு. மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் தொகை அதேதான். ‘இதற்கு மாத்திரை வேண்டாம், வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள்’ என்று சொல்லி அனுப்பினாலும் கடைக்கு நஷ்டமில்லை.

இந்தியாவில் சட்டம் பழையது, கண்டிப்பானதும்கூட. 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டப்படி, மருத்துவரின் சீட்டுக்கு மருந்து வழங்கப் பதிவு பெற்ற மருந்தாளுநருக்கு மட்டுமே உரிமை உண்டு. கடை உரிமத்தில் ஒருவர் பெயர், கவுண்ட்டரில் வேறொருவர் என்று பல இடங்களில் நடப்பது ஊரறிந்த விஷயம். பதிவு பெறாதவர்கள் மருந்து கொடுக்கும் நிலை மக்களின் உடல்நலத்தோடு விளையாடுவது என்ற கருத்தை, பீகார் வழக்கு ஒன்றில் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது.

படிப்புக்குக் குறையில்லை. உதகமண்டலத்திலும் மைசூருவிலும் 1990களின் பிற்பகுதியிலேயே வார்டு சார்ந்த மருந்தியல் பயிற்சி தொடங்கிவிட்டது. 2008இல் ஆறாண்டு ஃபார்ம்.டி. படிப்பு வந்தது, கடைசி ஆண்டு முழுக்க மருத்துவமனைப் பயிற்சி. 2015இல் வந்த மருந்தியல் பணி ஒழுங்குமுறைகள் நோயாளிக்கு ஆலோசனை தருவதை மருந்தாளுநரின் கடமையாகவே எழுதிவைத்தன. தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தபோது, மருந்தியல் படித்தவர்களே தொழில்முனைவோராக விண்ணப்பிக்க வாய்ப்புக் கொடுத்தது.

ஆனால் இவர்கள் பேசும் பேச்சுக்கு யார் பணம் தருவது என்ற கேள்விக்கு இங்கே இதுவரை பதிலில்லை. கடையின் வருமானம் அட்டை விற்பதில்தான். பத்து நிமிடம் விளக்கிச் சொன்னாலும், ஒன்றும் சொல்லாமல் பையில் போட்டுக் கொடுத்தாலும் லாபம் ஒன்றே. ஆறு ஆண்டு படித்தவரை அந்தக் கணக்கில் எந்தக் கடை வேலைக்கு வைக்கும்? மருந்து எழுதும் உரிமை பற்றிய விவாதம் பிறகு வரட்டும். ஆலோசனைக்கு ஒரு கட்டணத்தை நிர்ணயித்து, அரசுக் காப்பீட்டில் அதைச் சேர்ப்பதே முதல் வேலை.

அதுவரை நோயாளிகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பல மருந்துகளைத் தொடர்ந்து சாப்பிடுபவர்கள், வீட்டில் இருக்கும் அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கடைக்கு எடுத்துச் சென்று, பதிவு பெற்ற மருந்தாளுநர் யார் என்று கேட்டு, அவரிடம் காட்டலாம். மருந்தால் பக்கவிளைவு என்று சந்தேகம் வந்தால், 2010 முதல் இயங்கிவரும் தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024க்கு நோயாளியே நேரடியாகத் தெரிவிக்கலாம்.