டிரடெஸ்கன்ட் கல்லறை
தோட்ட அருங்காட்சியகம், லாம்பெத், லண்டன்

இங்கே தந்தையும் மகனும் அடக்கமாகியிருக்கிறார்கள். இருவர் பெயரும் ஜான் டிரடெஸ்கன்ட். இருவருமே முதலாம் சார்லஸ் மன்னர் குடும்பத்தின் தோட்டக்காரர்கள். தந்தை 1638-இல் மறைந்தார், மகன் 1662-இல். மகன் கடல் கடந்து வர்ஜீனியா சென்று, இங்கிலாந்து அறியாத செடிகளைக் கொண்டுவந்தார். நம் வீட்டுத் தொட்டிகளில் வளரும் டிரடெஸ்கான்டியா இவர்கள் பெயரைத் தாங்கியதே.

நாற்புறமும் நிதானமாகச் சுற்றிப் பாருங்கள்: முதலை, சிப்பிகள், இடிந்த தூண்கள், மண்டையோட்டின் அருகே பலதலைப் பாம்பு. தோட்டக்காரரின் கல்லறையில் இவை ஏன்? இக்குடும்பம் செடிகளோடு உலகின் அரும்பொருட்களையும் ஆசையாகச் சேர்த்தது. ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் அந்தச் சேகரிப்பிலிருந்தே பிறந்தது.

1970-களில், இன்று அருங்காட்சியகமாக உள்ள இத்தேவாலயம் இடிபட இருந்தது. இக்கல்லறைக்காகவே ரோஸ்மேரி நிக்கல்சனும் கணவர் ஜானும் போராடிக் கட்டடத்தை மீட்டனர். 1977-இல் அருங்காட்சியகம் உருவானது.

அருகில் இருப்பது, சீமைப்பலாக் கன்றுகளை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலில் கொண்டுசேர்த்த வில்லியம் பிளையின் கல்லறை.